ஐஸ் கிட்டங்கியும் கம்பெனி லோயரும்

இரண்டு பேர் சேர்ந்து நடத்துகிற வியாபாரத்தை, சாப்பாடும் வேண்டாத சாவும் இல்லாத மூன்றாவது ஆளாகச் சட்டத்தின் முன் நிற்கவைப்பதுதான் கம்பெனி லோயரின் தொழில். பிறகு அந்த மூன்றாவது ஆளுக்காக மற்ற இரண்டு பேரையும் சமாதானப்படுத்திக்கொண்டே இருப்பதும் அதே தொழில்தான்.

நான் அதைத் திருகோணமலையில், உள்துறைமுகத்திலிருந்து கூப்பிடு தூரத்தில், மாடியில் உள்ள ஓர் அலுவலகத்தில், எங்கள் பேச்சில் கந்தோரில், செய்கிறேன். ஹோட்டல்காரர், மீன் ஏற்றுமதிக்காரர், படகு திருத்துகிறவர், அரிசி ஆலைக்காரர் என்று பலரும் வருவார்கள். இதற்கு நடுவில் எனக்குக் கலைப் புரவலர் என்றொரு பெயரும் ஒட்டிக்கொண்டது. பள்ளிக்கூடத்தில் எனக்குப் பாட்டும் வராது, நடிப்பும் வராது. எல்லா நாடகத்திலும் திரை இழுத்தவள் நான்தான். மேடைக்கு ஓரமாக நின்று மற்றவர்கள் செய்வதைப் பார்த்துப் பூரித்துப்போகிற அந்தப் பழக்கம் விடவில்லை. இப்போது திரைச்சீலையையும் நானே வாங்கிக்கொடுக்கிறேன் என்பதுதான் வித்தியாசம்.

உங்களில் யாராவது ஒரு நாடகக் குழுவுக்கோ வாசிகசாலைக்கோ சங்கீத வகுப்புக்கோ, ஏதோ ஒரு நல்ல மனநிலையில், "அதை நான் பாத்துக்கொள்ளுறன்" என்று வாய்விட்டிருந்தால், உங்களுக்கு நான் விளக்கவேண்டியது அதிகமில்லை. நாங்கள் ஒரே நோய் பிடித்த வருத்தக்காரர்கள்.

இதில் வரும் பெயர்களை மாற்றியிருக்கிறேன். சம்பந்தப்பட்டவர்களுக்கு வாசித்துக்காட்டிச் சம்மதமும் எடுத்தேன். ஒரேயொரு ஹோட்டல்காரர் மட்டும் தன் சொந்தப் பெயரைத்தான் போடவேண்டும் என்று நின்றார். மறுத்துவிட்டேன்.

மகனின் மோட்டார் சைக்கிள்

ஒருநாள் காலை சாம்பல்தீவிலிருந்து ஓர் அம்மா வந்து, என் கந்தோர் வாங்குப் பலகையில் உட்கார்ந்து பொறுமையாகக் காத்திருந்தார். உள்ளே கூப்பிட்டேன். மகனின் மோட்டார் சைக்கிளைப் பொலிஸ் பிடித்துவைத்திருக்கிறது, லைசன்ஸ் வீட்டில் கிடக்கிறது, வழக்கு எப்போதென்று தெரியவில்லை, நீங்கள் கோட்டுக்கு வரவேண்டும் என்றார்.

நான் கோட்டுக்குப் போவதில்லை, கம்பெனி வேலைகள்தான் செய்கிறேன் என்று விளக்கினேன். கம்பெனி தொடங்குவது, பங்கு மாற்றுவது, ஒப்பந்தம் எழுதுவது என்று சொல்லச் சொல்ல அவர் முகத்தில் இரக்கம் கூடிக்கொண்டே போனது. கடைசியில், கோட்டுக்குப் போகிற என் சிநேகிதியைத் தொலைபேசியில் கூப்பிட்டு விஷயத்தைச் சொல்லி, அங்கே போகும்படி வழிகாட்டினேன். எழும்பும்போது சுவரில் தொங்கிய என் பட்டத்தை ஒருதரம் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, என் மனம் நோகாதபடி கேட்டார்:

"அப்ப நீங்கள் இன்னும் படிச்சு முடிக்கேல்லையோ, மிஸ்?"

நன்றி நவிலல்

குணரத்தினம் அண்ணையும் அவர் மனைவி புவனா அக்காவும் நிலாவெளியில் ஹோட்டல் நடத்துகிறார்கள். சின்ன விடுதியாக இருந்ததைப் பெருப்பித்துக் கம்பெனி ஆக்கியபோது மூன்று பணிப்பாளர்கள், அதாவது டைரக்டர்கள், வைத்தோம். அண்ணை, அக்கா, கனடாவில் இருக்கிற அண்ணையின் தமக்கை. காணி தகப்பன் வழி வந்தது என்பதால் தமக்கைக்கும் பங்கு. மற்ற இருவரும் பெயருக்குத்தான் என்பது அண்ணையின் எண்ணம். அக்காவுக்கு எந்த எண்ணமும் இருப்பதாக அப்போது எனக்குத் தெரியாது. சமையல், அறைகள், வேலையாட்கள் என்று அவர் ஓடிக்கொண்டிருப்பார்.

வருடக் கூட்டத்தை என் கந்தோரில் வைத்தோம். நான் கூட்டக் குறிப்பை வாசித்தேன். "ஹோட்டலின் அன்றாட நிர்வாகத்தைத் திறம்படக் கவனித்துவரும் பணிப்பாளர் திருமதி புவனேஸ்வரிக்குத் தலைவர் தமது மனமார்ந்த நன்றியைத் தெரிவித்துக்கொண்டார்." எல்லாக் கம்பெனிக்கும் நான் வழக்கமாகப் போடுகிற வசனம் அது. தலைவராக இருந்த அண்ணை கைத்தொலைபேசியிலிருந்து கண்ணை எடுக்காமல், "ஓம் ஓம், போடுங்கோ" என்றார். அக்கா மட்டும் கையைக் காட்டி என்னை நிறுத்தி, அந்த வசனத்தைத் திரும்ப வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். அக்கா சொன்னார்:

"கலியாணம் முடிச்ச நாள்லயிருந்து இவர் எனக்கு நன்றி சொல்லுறது இதுதான் முதல் தரம், மிஸ். அதைக் கொஞ்சம் பெரிய எழுத்தில போடுங்கோ."

இரண்டு பூட்டு

துறைமுகப் பக்கம் ஐஸ் உற்பத்தி செய்துவந்த அண்ணன் தம்பி இருவர் பிரிய முடிவெடுத்து என்னிடம் வந்தார்கள். வந்தார்கள் என்றால், அண்ணன் காலையில் வருவார், தம்பி பின்னேரம் வருவார். நேருக்கு நேர் பேச்சில்லை. இயந்திரங்களை ஒருவரும் லொறிகளை மற்றவரும் எடுத்துக்கொண்டார்கள். ஐஸ் கட்டிகளை அடுக்கிவைத்த பழைய கிட்டங்கி மட்டும் மிஞ்சியது. ஒருவர் எடுத்தால் மற்றவருக்குத் தாழ்வு என்பதால் இருவருக்கும் வேண்டாம். கதவில் ஆளுக்கொரு பூட்டாக இரண்டு பூட்டு தொங்கியது.

காணியை அளக்க வந்தவரோடு நானும் போய் உள்ளே பார்த்தேன். இரட்டைச் சுவர். குளிர் வெளியேறாதபடி இரண்டு சுவருக்கும் நடுவில் உமி அடைத்திருந்தார்கள். கதவைச் சாத்தியதும் தெருவில் போன பஸ்ஸின் சத்தம் அப்படியே அறுந்துபோனது. அளக்க வந்தவர் தன் உதவியாளருக்கு மெதுவாக ஏதோ சொன்னார். அறையின் மற்றத் தொங்கல் மூலையில் நின்ற எனக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது. அதற்கு முந்திய வாரம்தான் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில், மின்விசிறிச் சத்தத்தில் ஒரு வசனமும் விளங்காமல் முழு நாடகத்தையும் பார்த்திருந்தேன். மறுநாள் இரண்டு சகோதரர்களிடமும் தனித்தனியாக, கிட்டங்கியை நாடக மண்டபமாக்க நான் வாங்குகிறேன் என்றேன்.

கையெழுத்துப் போட்ட காலையில் அண்ணன், தம்பி நாடகம் பார்க்க வருகிற நாளை முன்கூட்டியே சொல்லும்படி கேட்டார். அன்றைக்குத் தான் வரப்போவதில்லையாம். பின்னேரம் தம்பி வந்தார். கையெழுத்தைப் போட்டுவிட்டுப் பேனையை மூடாமல் வைத்துக்கொண்டு சொன்னார்:

"அண்ணை வாறதெண்டால் எனக்கும் பக்கத்தில ஒரு கதிரை போட்டு விடுங்கோ, மிஸ். கதைக்கமாட்டன். சும்மா இருப்பன்."

ஒன்பது பக்கம்

மண்டபத்தை முதலில் கேட்டு வந்தவர் தர்சினி. ஆஸ்பத்திரியில் தாதி. வேலைமுறைகளுக்கு நடுவில் நாடகம் எழுதுகிறவர். அவருடைய குழுவில் ஆசிரியர் ஒருவர், மின்சாரசபை ஊழியர் ஒருவர், சாம்பல்தீவில் மீன் ஏலம் கூறுகிற யோகன் என்று கலந்த கூட்டம். ஒத்திகைக்கு இடமில்லாமல் கடற்கரையில் காற்றோடு கத்திக்கொண்டிருந்தவர்கள்.

எனக்குத் தெரிந்த ஒரே அன்பு, ஒப்பந்தம் எழுதுவது. மண்டபத்தை இலவசமாகத் தருவதற்கு ஒன்பது பக்க ஒப்பந்தம் தயாரித்தேன். தீ, வெள்ளம், மின்தடை, மூன்றாம் தரப்பினரின் காயம் என்று எல்லாவற்றுக்கும் விதி வைத்தேன். தர்சினி அதை வீட்டுக்குக் கொண்டுபோய் உண்மையாகவே முழுவதும் வாசித்துவிட்டு வந்தார். என் அனுபவத்தில் அப்படிச் செய்த முதல் ஆள் அவர். இன்னுமொரு விதி சேர்க்க முடியுமா என்று கேட்டார். நாடகத்தில் என்ன சொல்லப்படுகிறது என்பதில் மண்டபத்துக்குச் சொந்தக்காரர் தலையிடக்கூடாது. நியாயமான கோரிக்கை. அந்த இடத்திலேயே கையால் எழுதிக் கையெழுத்தும் வைத்தேன். அவர் திருப்தியோடு கடதாசிகளை அடுக்கிக்கொண்டு சொன்னார்:

"இப்பதான் மிஸ், இதில நாடகம் எண்ட சொல்லே வந்திருக்கு."

மான்

முதல் நாடகம் ஆஸ்பத்திரி மருந்து வரிசையைப் பற்றியது. கதிரைகள் நிறைந்திருந்தன. ஐஸ் சகோதரர்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்து, ஒரு சொல்லும் பேசாமல், ஒரே இடங்களில் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒத்திகை நாட்களில் எனக்குப் பொன்னாடை போர்த்துகிற பேச்சு வந்தபோதே தர்சினி, அது அரை மணித்தியாலம் எடுக்கும், நாடகத்தில் எந்தப் பகுதியை வெட்டலாம் என்று நீங்களே சொல்லுங்கள் என்றார். பொன்னாடை நின்றது.

நாடகம் பாதி போனபோது, எங்கள் நகரத்துத் தெருக்களில் திரிகிற புள்ளிமான்களில் ஒன்று, திறந்திருந்த பக்கக் கதவால் உள்ளே வந்தது. கிட்டங்கியின் குளிர்ச்சி பிடித்திருக்கவேண்டும். நேராக மேடைக்குப் போய், மருந்துக்கு நிற்கிற வரிசையின் கடைசியில் நின்றுகொண்டது. நடிகர்கள் ஆடிப்போகவில்லை. யோகன் திரும்பிப் பார்த்து, "உங்கட நம்பர் என்ன?" என்று மானிடம் கேட்டுவிட்டுத் தன் வசனத்தைத் தொடர்ந்தார். மண்டபம் குலுங்கியது. மான் கொஞ்சநேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, எல்லா நோயாளர்களையும் போல, மருந்து வாங்காமலே வெளியேறியது. நாடகம் முடிந்ததும் ஓய்வுபெற்ற அதிபர் ஒருவர் என்னிடம் வந்து கையைப் பிடித்தார்:

"எல்லாரும் நல்லாச் செய்தவை, பிள்ளை. ஆனால் அந்த மானுக்குத்தான் அதிகம் பழக்கியிருக்கிறியள் போல."

அந்த ஒரு வசனம்

இதற்கிடையில் குணரத்தினம் அண்ணை ஹோட்டலுக்குப் பக்கத்துக் காணியையும் வாங்கி, சுற்றிவர மதில் எழுப்பினார். இரண்டு காணிக்கும் நடுவில் ஓடிய ஒழுங்கை மதிலுக்குள் போய்விட்டது. கரைவலை இழுக்கிறவர்கள் வலையைச் சுமந்துகொண்டு கடலுக்குப் போகிற வழி அது. இனி அவர்கள் தோளில் ஈரவலையோடு நெடுந்தூரம் சுற்றிவரவேண்டும். அந்த வழியை விட்டுவிட்டு மதிலைக் கட்டுங்கள் என்று நான் சொன்னேன். என் கந்தோர்க் கதிரையில் சாய்ந்துகொண்டு அண்ணை சொன்ன பதில் இது: "கடல் எல்லாருக்கும் சொந்தம்தான், மிஸ். அதுக்குப் போற வழி மட்டும் எனக்குச் சொந்தம்." நான் அடுத்த ஃபைலைத் திறந்தேன். சொல்கிற புத்தியைச் சொல்லலாம், ஏற்கவைக்க ஏலாது.

சில மாதங்களுக்குப் பிறகு அவர் வேர்த்து விறுவிறுத்து மாடிப்படி ஏறி வந்தார். தர்சினியின் குழு "மதில்" என்று புதிய நாடகம் பழகுகிறது. அதில் ஹோட்டல் முதலாளியாக நடிப்பவர் மீன் ஏலம் கூறுகிற யோகன். யோகனின் தமையன் அண்ணையின் ஹோட்டலில் சமையல்காரர். யோகன் வீட்டில் வசனம் பாடமாக்கியதைத் தமையன் கேட்டு, குசினியில் சொல்லி, அது முதலாளி காதுக்கு வந்துவிட்டது. கடலையும் வழியையும் பற்றிய அதே வசனம், ஒரு சொல்லும் பிசகாமல்.

"அதை நான் இந்தக் கதிரையில இருந்துதான் சொன்னனான். வேற ஆர் கேட்டது?" என்றார்.

"நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை, அண்ணை."

"அப்ப நாடகத்தை நிப்பாட்டிக் காட்டுங்கோ, நம்புறன்."

தலையிடமாட்டேன் என்று எழுதிக்கொடுத்திருக்கிறேன் என்றேன். எழுதினது நீங்கள்தானே, நீங்களே கிழியுங்கள் என்றார். "உங்களுக்கு எழுதித் தந்ததையும் நாளைக்கு ஆரும் வந்து கேட்டால் கிழிக்கவோ?" என்று கேட்டேன். அவர் எழும்பிக் கதவு வரைக்கும் போய் நின்றார். கோபம் இறங்கி, குரலில் வேறொன்று வந்திருந்தது. அதுதான் எனக்கு அதிகம் சுட்டது.

"நான் உங்களிட்டை வந்தது, மிஸ், நீங்கள் குறைவாக் கதைக்கிற ஆள் எண்டதாலதான்."

வெறும் தட்டு

அடுத்த கிழமை ஹோட்டலின் ஃபைல்கள் எல்லாவற்றையும் ஒரு வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். கொழும்பில் ஒரு லோயரிடம் கொடுக்கப்போகிறார்களாம். என் கந்தோர் வேலையில் பெரும்பங்கு அந்த ஹோட்டல்தான். கிண்ணியாவிலிருந்து வருகிற என் கிளாக்கர் நஸீர் நானா, வெறுமையாகிப்போன அலுமாரித் தட்டுகளை ஈரத்துணியால் துடைத்தார். துடைத்துவிட்டு, பால் விடாத ஒரு பிளேன்ரீ எனக்குக் கொண்டுவந்து வைத்தார். எந்தப் புத்திமதியையும்விட அது ஆறுதலாக இருந்தது.

வேலை குறைந்ததைக்கூடத் தாங்கியிருப்பேன். கம்பெனி லோயரின் உண்மையான மூலதனம் வாயை மூடியிருப்பது. அதில் கை வைத்தாகிவிட்டது. சிறிய ஊர், கதை பஸ்ஸைவிட வேகமாகப் போகும். தர்சினியிடம் அந்த வசனம் உங்களுக்கு எங்கே கிடைத்தது என்று ஒரு கேள்வி கேட்டால் முடிந்துவிடும் விஷயம்தான். தொலைபேசியைப் பலதடவை எடுத்தேன். கேட்டால் அது தலையிடுவதாகும். அவர் பயந்து வசனத்தை வெட்டிவிட்டாலோ, பழி என் மேல் அப்படியே நின்றுவிடும். தொலைபேசியை வைத்துவிட்டேன்.

அந்த நாட்களில் கந்தளாயில் அரிசி ஆலை வைத்திருக்கிற ஒருவர், மகனைப் பங்குதாரராக்குவது பற்றிக் கதைக்க வந்தார். நல்ல மனிதர். பல வருடமாக என்னிடம் மனம்விட்டுப் பேசுகிறவர். அன்றைக்கு ஒவ்வொரு வசனத்தையும் பாதியில் நிறுத்தினார். எல்லாம் முடிந்து எழும்பியபோது கூச்சத்தோடு கேட்டார்:

"மிஸ், இது ஒண்டும் நாடகத்தில வராதுதானே?"

கடைசி வரிசை

"மதில்" நடந்த பின்னேரம் நிலாவெளியிலிருந்து ஒரு பஸ் நிறைய ஆட்கள் வந்து இறங்கினார்கள். வலை இழுக்கிறவர்கள், அவர்களின் பெண்சாதிமார், வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியார், கைக்குழந்தைகள். நான் கடைசி வரிசையில் இருந்தேன். விளக்கு அணைகிற நேரம் எனக்குப் பக்கத்துக் கதிரையில் ஒருவர் வந்து அமர்ந்தார். புவனா அக்கா. தனியே வந்திருந்தார். 

யோகன் முதலாளியாக வந்தார். சேட்டுப் பொத்தான் தெறிக்கிற வயிறு, விரலில் மோதிரம், நடையில் ஓர் அதிகாரம். மதிலின் மேல் கையை ஊன்றிக்கொண்டு, "கடல் எல்லாருக்கும் சொந்தம்தான்" என்று தொடங்கி ஒரு மூச்சு விட்டார். அந்த மூச்சுக்குள், நிலாவெளி பஸ்ஸில் வந்த அத்தனை பேரும் ஒரே குரலில் மிச்சத்தைச் சொல்லி முடித்தார்கள்: "அதுக்குப் போற வழி மட்டும் எனக்குச் சொந்தம்." யோகனுக்குச் சொல்ல எதுவும் மிஞ்சவில்லை. சிரிப்பு அடங்க வெகுநேரம் பிடித்தது. நான் சிரிக்கவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஊர் முழுவதற்கும் அந்த வசனம் ஏற்கெனவே மனப்பாடம். என் கந்தோரிலிருந்து அது போகவேயில்லை.

"கோயில் திருவிழாவில மைக்கைப் பிடிச்சுச் சொன்னவர், மிஸ்," என்று அக்கா இருட்டில் என் காதுக்குள் சொன்னார். "நான் பின்னால இருந்து சேட்டைப் பிடிச்சு இழுத்தனான். நிப்பாட்டேல்லை. இப்ப, தான் சொன்னதே அவருக்கு ஞாபகமில்லை."

நாடகத்தில், தோளில் ஈரவலையோடு ஒரு கிழவர் மதிலைச் சுற்றிச் சுற்றி நடக்கிறார். வழியில் இளைப்பாற இருக்கிறார், திரும்ப எழும்பி நடக்கிறார். கடல் கடைசி வரைக்கும் வரவில்லை.  விளக்குகள் வந்தபோது அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். எழும்பவில்லை. மேடையைப் பார்த்தபடியே, ஹோட்டலில் மரக்கறி விலை கேட்கிற குரலில் கேட்டார்:

"பணிப்பாளர் சபையைக் கேக்காம, இவர் தன்பாட்டில லோயரை மாத்த ஏலுமோ, மிஸ்?"

யோசனை

ஏலாது. அந்தக் கம்பெனியின் விதிகளை எழுதியவள் நான் என்பதால் எனக்கு உடனே தெரியும். ஆனால் அந்த நேரத்தில் நான் அவர்களின் லோயரும் இல்லை. வேறொருவரிடம் கேளுங்கள் என்றேன். அக்கா கேட்டார். கொழும்பு லோயரையே கூப்பிட்டுக் கேட்டார். அவரும் நேர்மையானவர், ஏலாது என்று சொல்லிவிட்டார்.

கூட்டத்தை அக்கா கூட்டினார். நடந்ததை எழுத ஆள் வேண்டும் என்று என்னையும் அழைத்தார். ஹோட்டல் சாப்பாட்டறை மேசையில், சீனிப் போத்தலில் சாய்த்துவைத்த தொலைபேசியில் கனடாத் தமக்கை கம்பளிச் சட்டையோடு தெரிந்தார். குணரத்தினம் அண்ணை என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. அக்கா முதலில் திருவிழா மைக் கதையைச் சொன்னார். அண்ணை, "நானோ?" என்றார். பரிமாறிக்கொண்டிருந்த சமையல்காரரும், கதவடியில் நின்ற தோட்டக்காரரும் ஒரேநேரத்தில் தலையாட்டினார்கள். அண்ணை மேசைவிரிப்பின் மடிப்பை நீவிவிட்டார். பிறகு, "மிஸ்ஸைப் பிழையா நினைச்சிட்டன்," என்றார். என்னிடம் இல்லை, மேசைவிரிப்பிடம். ஆனால் எல்லாருக்கும் கேட்கும்படிதான்.

அக்கா இரண்டு தீர்மானம் வைத்திருந்தார். லோயரை மாற்றுவதில்லை. மதிலில், வலை சுமப்பவர்கள் நெருக்குப்படாமல் போகிற அகலத்துக்கு ஒரு கதவு. கதவு என்றதும் அண்ணை நிமிர்ந்தார். விருந்தினர் என்ன நினைப்பார்கள், மீன் நாற்றம், பாதுகாப்பு என்று அடுக்கினார். தொலைபேசிக்குள்ளிருந்து தமக்கை, "தம்பி, கை உயர்த்தி முடி. எனக்கு வேலைக்குப் போகவேணும்," என்றார். இரண்டு கைகள் உயர்ந்தன. நான் எழுதத் தொடங்கினேன். அண்ணை கதிரையை என் பக்கம் இழுத்துப்போட்டு, தாழ்ந்த குரலில் கேட்டுக்கொண்டார்:

"எதிர்த்தார் எண்டு எழுதாதேங்கோ, மிஸ். யோசிச்சார் எண்டு எழுதுங்கோ."

கைதட்டல்

ஃபைல்கள் அதே வானில் திரும்பி வந்தன. கூடவே வாழையிலையில் சுற்றிய ஒரு பெரிய அறக்குளா மீனும் வந்தது. எந்தக் கடிதமும் இல்லை. நஸீர் நானா மீனை மூன்றாகப் பங்கிட்டார்: எனக்கு, தனக்கு, தர்சினிக்கு. கதவும் வைத்தாகிவிட்டது. வலைக்காரர் போகும் உரிமையை, பின்னால் வருகிற எந்த முதலாளியும் அசைக்க முடியாதபடி நொத்தாரிசு உறுதிப் பத்திரமாக எழுதிவைத்தேன். ஹோட்டல் விருந்தினர் இப்போது காலையில் கதவால் ஓடிப்போய்ச் சம்மாட்டியாரின் ஆட்களோடு வலை இழுக்கிறார்கள். உள்ளங்கை சிவந்து, பெருமையோடு காலைச்சாப்பாட்டுக்கு வருகிறார்கள். அது தன் யோசனை என்று அண்ணை அவர்களுக்குச் சொல்கிறாராம். அக்கா மறுப்பதில்லை.

"மதில்" இரண்டாம்முறை மேடையேறியபோது அண்ணை புதுச் சேட்டோடு முன்வரிசையில் வந்து அமர்ந்தார். நான் பக்கத்தில் இருந்தேன். யோகன் தன் இடத்துக்கு வந்து அந்த வசனத்தைச் சொன்னார். மண்டபம் கைதட்டலில் அதிர்ந்தது. அண்ணை முதலில் திடுக்கிட்டார். பிறகு கழுத்தைத் திருப்பிச் சனத்தைப் பார்த்தார். பிறகு, கிழவர் ஈரவலையோடு சுற்றி நடக்கிற காட்சியில், சம்மணமிட்ட பிள்ளையைப்போல் அசையாமல் இருந்தார். வெளியே வந்ததும் என்னை ஓரமாகக் கூட்டிக்கொண்டுபோனார். ஏதோ மானநஷ்ட வழக்குத்தான் என்று நினைத்தேன். அவர் முகத்தில் கோபம் இல்லை. கணக்கு ஒத்துவராத ஆளின் குழப்பம்தான் இருந்தது.

"அதே வசனத்தை நான் மைக்கில சொல்லேக்க ஒருத்தரும் கைதட்டேல்லை, மிஸ். அவன் சொல்லேக்க மட்டும் ஏன் தட்டுகினம்?"

என்னிடம் இத்தனை வருடமாகக் கேட்கப்பட்ட கேள்விகளில், பதில் தெரியாமலும் கட்டணம் வாங்காமலும் நான் இன்னும் சந்தோஷமாக யோசித்துக்கொண்டிருப்பது இந்த ஒன்றைத்தான்.